கிளிப் டியூனர் வைத்து கிட்டாரைச் சுருதி சேர்ப்பது எப்படி?

கம்பிகள் சுருதியில் இல்லாவிட்டால், சரியாகப் பிடித்த கார்டும் (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) தப்பாகத்தான் ஒலிக்கும். புதிதாகக் கற்பவர்கள் தவறு தங்கள் விரலில் என்று நினைத்துச் சோர்ந்துபோகிறார்கள். அதனால் ஒவ்வொரு முறை கிட்டாரைக் கையில் எடுக்கும்போதும் முதல் வேலை டியூனிங்தான்.

ஆரம்பத்தில், சுருதியைத் திரையில் காட்டும் சிறு கருவியான கிளிப் டியூனரே நல்லது. கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வி, மரத்தின் அதிர்வை நேரடியாக எடுத்துக்கொள்ளும். மின்விசிறியும் தெருவில் அடிக்கும் ஹாரனும் அதைக் குழப்பாது. மொபைல் ஆப் மைக் வழியாகக் கேட்பதால் அமைதியான அறை வேண்டும். கிளிப் டியூனர்களில் பெரும்பாலும் சிஆர் 2032 பட்டன் பேட்டரிதான் இருக்கும். திரை மங்கினால் முதலில் அதை மாற்றுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு செட்டிங்

திரையில் 440 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் கம்பியின் 5-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) வரும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. பட்டன் தெரியாமல் அழுந்தி 436, 443 என்று மாறியிருந்தால், ஆறு கம்பிக்கும் டியூனர் சரி என்று பச்சை காட்டும், ஆனால் கீபோர்டுடன் சேர்ந்து வாசிக்கும்போது ஒட்டாது. பழைய ஹார்மோனியத்தோடு வாசிக்க வேண்டுமென்றால் மட்டும் அதன் சுருதிக்கு இந்த எண்ணை மாற்றலாம்.

அடுத்து மோடு. ஆறு கம்பிகளின் ஸ்வரங்களை மட்டும் தேடும் கிட்டார் மோடைவிட, பன்னிரண்டு ஸ்வரங்களையும் காட்டும் குரோமாட்டிக் மோடையே பரிந்துரைப்போம். கம்பி ரொம்பத் தளர்ந்திருந்தால் கிட்டார் மோடு அதை வேறு கம்பி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். குரோமாட்டிக் உள்ளதை உள்ளபடி காட்டும். அதற்கு இந்த வரிசை மட்டும் மனப்பாடம் இருந்தால் போதும்: ஏ, ஏ ஷார்ப், பி, சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப், இ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், மீண்டும் ஏ.

சேர்க்க வேண்டிய ஸ்வரங்கள்

6-வது கம்பி (மிகத் தடித்தது): இ, 82.4 ஹெர்ட்ஸ்
5: ஏ, 110
4: டி, 146.8
3: ஜி, 196
2: பி, 246.9
1 (மிக மெல்லியது): இ, 329.6

சேர்க்கும் முறை

1. கம்பியை நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளமுள்ள பட்டை) மேலே விரலால் தொடர்ந்து சென்று, அது எந்தக் கீயில் (தலைப்பகுதியில் உள்ள திருகு) சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். வேறு கீயைத் திருகிக்கொண்டே திரையைப் பார்ப்பதால்தான் பல கம்பிகள் அறுகின்றன.

2. மற்ற ஐந்து கம்பிகளையும் கையால் அமர்த்திவிட்டு, ஒரே ஒரு முறை மிதமாக மீட்டுங்கள். மீட்டிய கணத்தில் முள் கொஞ்சம் வலப்பக்கம் ஏறி இறங்கும். ஒரு விநாடி விட்டு நிற்கும் இடம்தான் உண்மை.

3. முள் இடப்பக்கம் என்றால் சுருதி குறைவு, முறுக்குங்கள். வலப்பக்கம் என்றால் கூடுதல். அப்போது தளர்த்தி நடுவில் நிறுத்தாதீர்கள். நடுவைத் தாண்டிக் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி நிறுத்துங்கள். தளர்த்தி நிறுத்தினால் கீயின் பல்சக்கரத்தில் கொஞ்சம் தொய்வு தங்கிவிடும். நாலு முறை ஸ்ட்ரம் செய்வதற்குள் சுருதி இறங்கிவிடும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

4. ஆறும் முடிந்ததும் மறுபடி 6-வதிலிருந்து பாருங்கள். பின்னால் முறுக்கிய கம்பிகள் கழுத்தை இழுப்பதால் முதலில் சேர்த்தவை இறங்கியிருக்கும். இரண்டு சுற்றாவது வேண்டும்.

பல டியூனர்கள் எழுத்தை மட்டும்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. மூன்றாவது கம்பி ‘ஏ’ காட்டினால் அது ஜி-யைத் தாண்டிவிட்டது, தளர்த்த வேண்டும். அடுத்த ஜி வரும்வரை முறுக்கிக்கொண்டே போனால் கம்பி அறுந்துவிடும். கீ வழக்கத்தைவிட இறுகினால் உடனே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் காதை நம்பலாம்: 6-வது கம்பியின் 5-வது ஃப்ரெட்டும் 5-வது கம்பியை எங்கும் அழுத்தாமல் திறந்து மீட்டுவதும் ஒரே ஒலி. அடுத்தடுத்த ஜோடிகளுக்கும் 5-வது ஃப்ரெட்டே. 3-வதிலிருந்து 2-வதற்கு மட்டும் 4-வது ஃப்ரெட்.

நிற்காமல் இறங்கினால்

முறுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து முள் தாவினால், கம்பி நட் பள்ளத்தில் சிக்குகிறது. கம்பியைத் தளர்த்தி நகர்த்திவிட்டு, பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் வழுக்கும். புதுக் கம்பி நீளும் வரை சுருதி நிற்காது: 12-வது ஃப்ரெட் அருகே மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள், இறங்காத வரை.

சென்னையின் உப்புக் காற்றும் வியர்வையும் கம்பியைச் சீக்கிரம் துருவேற்றும். துருப்பிடித்த கம்பி திறந்த நிலையில் சரியாக இருந்து, ஃப்ரெட்டில் அழுத்தும்போது விலகக்கூடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். வெளியிலிருந்து ஏசி அறைக்குள் வந்தால், கிட்டார் குளிரும் வரை கொஞ்ச நேரம் விட்டுச் சேருங்கள்.

பாடுபவரின் கட்டைக்காக (பாடும் சுருதி) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி, மாட்டினால், மாட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். கேப்போ கம்பியை அழுத்திச் சுருதியைச் சற்றே ஏற்றிவிடும். முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் 6-லிருந்து 1 வரை டியூனர் காட்ட வேண்டியவை: எஃப், ஏ ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், சி, எஃப்.