வாக்களிக்கும் முன் ஒரு கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்விகள்

தேர்தல் நெருங்கும் காலங்களில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வளவில் நின்று பேசும்போது, "இதில் எங்கட ஆள் யார்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கொழும்பில் சிறுபான்மையினராக வாழும் நமக்கு அது இயல்பான கேள்வியே. ஆனாலும் தலைவரைத் தெரிவு செய்யும் வேலையை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில், சீகேம் ஊராரின் மனம், தங்களை ஆள விரும்பிய அபிமெலேக்கின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அவன் தங்கள் சகோதரன் என்ற எண்ணமே. தங்கள் கோவில் பணத்தில் எழுபது வெள்ளிக்காசையும் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் அதைக் கொண்டு வீணரைச் சேர்த்துத் தன் உடன்பிறப்புகளையே கொன்றான். மூன்று ஆண்டுகள் ஆண்ட பின் அவன் அழித்தது அதே சீகேமைத்தான்.

ஆகவே வேட்பாளர்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 18:21இல் மோசேயின் மாமனாரான எத்திரோ நான்கு தகுதிகளைச் சொல்கிறார்: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுக்கும் மனம். உபாகமம் 1:13இன்படி, அத்தகையவர்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மோசே மக்களிடமே கொடுத்தார். அந்தப் பொறுப்பே இன்று நம் கையில் இருக்கிறது.

தேவபயத்தை வேட்பாளரின் மதத்தை வைத்து அளக்க வேண்டாம். அந்த ஆலோசனையைச் சொன்ன எத்திரோவே மீதியான் தேசத்து ஆசாரியர். செவிடனை நிந்திக்காமலும் குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காமலும் இருந்து, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது லேவியராகமம் 19:14. எதிர்த்துப் பேச முடியாதவரை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் தேவபயம் தெரிகிறது. மட்டக்குளியில் மழைநீர் வீட்டுக்குள் வந்த நாட்களில் அவர் எங்கிருந்தார், தன் சாரதியிடமும் அலுவலக உதவியாளரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரின் திறமையை அறிய, பாராளுமன்ற இணையத்தளத்தில் உள்ள ஹன்சாட் என்ற உரைப் பதிவில் அவர் பேசியதைப் படித்தாலே போதும்.

நான்காவது தகுதியைச் சோதிக்க இன்று நமக்கு நல்ல வழி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ், பாராளுமன்ற உறுப்பினர்களின் சொத்து, பொறுப்பு விபரங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவர்களின் விபரங்களைத் தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிட்டது. அவற்றைப் பொறுமையாக வாசித்து, அவர் வாழும் வாழ்க்கைக்கும் எழுதிக்கொடுத்த கணக்குக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள். முதிர்ந்த வயதில் சாமுவேல், யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (இலஞ்சம்) வாங்கினேன் என்று சபையார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டு நின்றதை 1 சாமுவேல் 12இல் படிக்கிறோம். அதே கேள்வியைத் தன்னைப் பற்றி மக்கள் கேட்கும்போது சினம் கொள்ளும் வேட்பாளரை நான் தயக்கமின்றி ஒதுக்கிவிடுவேன்.

இந்த இடத்தில் நம்மையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கவும், மகனுக்கு அரச வேலை கிடைக்கவும் சிபாரிசுக் கடிதம் கேட்டு அரசியல்வாதியின் வாசலில் நிற்பது நம் சபைகளிலும் உண்டு. என் குடும்பமும் ஒருமுறை அப்படி நின்றது, அதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அந்தக் கடிதத்தால் ஒரு பிள்ளை உள்ளே போனால், வரிசையில் முறைப்படி நின்ற இன்னொரு பிள்ளை வெளியே நிற்கிறது. நமக்காக நியாயத்தை வளைப்பவரைத் தேடிவிட்டு, அவர் மற்றவர்களுக்காக வளைக்கும்போது குறைசொல்ல நமக்கு வாய் இராது. எனவே, "இவர் எனக்கு என்ன செய்து தருவார்?" என்ற கேள்வியை உங்கள் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

குடும்பமாக உட்கார்ந்து ஜெபித்து, தாளில் உள்ளதைப் பேசி முடிவெடுத்த பின், வாக்களிக்கும் முறையையும் சரிபாருங்கள். பொதுத் தேர்தலில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இட வேண்டும். பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். 2024இல் கொழும்பு மாவட்டத்தில் தெரிவான 18 பேரில் ஒவ்வொரு கட்சியிலிருந்தும் யார் உள்ளே போவது என்பதைத் தீர்மானித்தது இந்த விருப்பு வாக்குத்தான். கட்சிக்கு மட்டும் புள்ளடி இட்டுத் திரும்புகிறவர் அந்தத் தெரிவைப் பிறரிடம் விட்டுவிடுகிறார். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இராது, இலக்கங்கள் மட்டுமே இருக்கும். ஆகவே நீங்கள் தெரிந்தெடுத்த மூவரின் இலக்கங்களையும் முந்தின இரவே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் தெரிந்தெடுத்த இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வாசித்துக் காட்டுங்கள்.