பாராசூட்டில் இறங்கும்போது கால் மூட்டு போகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் என்சிசியில் இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, பாராசூட் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஆக்ரா போய் பாராசூட்டில் குதித்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. ராணுவத்தில் சேர்ந்து, பாராசூட்டில் குதிக்கும் பாரா பிரிவுக்குப் போகத் தயாராகும் பையன்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். வீட்டில் அம்மாக்கள் கேட்பது ஒன்றேதான்: "குடை விரியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவ கண்ணு?" அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பாராசூட் பயிற்சியில் காயங்கள் பெரும்பாலும் வானத்தில் ஏற்படுவதில்லை, தரையைத் தொடும் அந்தக் கடைசி நொடியில் ஏற்படுகின்றன. அதிலும் அதிகம் அடிபடுவது கணுக்கால். இவற்றில் நிறையக் காயங்களைப் பழக்கத்தால் தவிர்க்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வட்டக் குடை பாராசூட்டில் ஒருவர் நொடிக்கு ஏறக்குறைய 6 முதல் 7 மீட்டர் வேகத்தில் இறங்குகிறார். 6 முதல் 8 அடி உயரச் சுவரிலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அதே வேகம். உடம்போடு கட்டிய மூட்டை, பக்கவாட்டில் காற்று, கீழே எப்படி இருக்கும் என்று தெரியாத நிலம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இந்த வேகத்தில் நேராக வந்து நின்றுகொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

நம் ஊர்ப் பையன்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோட்டத்துக் கிணற்றிலும் வாய்க்கால் பாலத்திலும் குதித்து வளர்ந்த கால்கள் இவை. தண்ணீருக்குள் போகும்போது காலை விறைப்பாக நீட்டி, விரலைக் கீழே கூர்மையாக வைத்தால் அடி படாது. உடம்புக்கு அது ஊறிப்போன பழக்கம். தரையில் அதையே செய்தால் மொத்த அதிர்ச்சியும் குதிகால் எலும்பு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பின் மேல்தட்டு, அப்புறம் இடுப்புப் பக்க முதுகெலும்பு என்று நேராக ஏறும். தண்ணீர் விலகிக்கொடுக்கும், மண் கொடுக்காது. சரி, அப்படியானால் முழங்காலை நன்றாக மடக்கிக்கொள்ளலாமா என்றால் அதுவும் தவறு. குந்தி உட்காருவதுபோல மடங்கிய முழங்கால் எடையைத் தாங்காமல் உள்பக்கமாகச் சரியும், தசைநார் கிழியும். லேசாக மடக்கி, தொடைத் தசையை இறுக்கி வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் மடக்கு.

கால்கள் வந்த வேகத்தை நிறுத்துவதற்காக இல்லை, மேலே கடத்திவிடுவதற்காக. பாராசூட் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் விழும் முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. முதலில் பாதத்தின் முன்பகுதி தரையைத் தொடும். உடனே கெண்டைக்காலின் பக்கவாட்டு, பிறகு தொடையின் பக்கவாட்டு, அடுத்து புட்டம், கடைசியாக முதுகின் பக்கத் தசை. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நொடிக்குள் முடிந்து உடம்பு உருண்டுவிடும். ஒரே மூட்டின் மேல் விழ வேண்டிய அடி உடம்பின் சதைப்பிடிப்பான இடங்களுக்கெல்லாம் பிரிந்துபோகிறது. பார்க்க அழகாக இருக்காது. நண்பர்கள் வீடியோ எடுக்கும்போது நின்று இறங்கிக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தை விமானத்திலேயே விட்டுவிட்டுக் குதியுங்கள்.

அடுத்த பெரிய தவறு காலை அகட்டி வைப்பது. நடக்கும்போதும் நிற்கும்போதும் கால் அகன்றிருந்தால்தான் நமக்கு நிலை கிடைக்கிறது, அதனால் உடம்பு தானாகவே அகட்டப் பார்க்கும். ஆனால் அகன்ற இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவது அரிது. முதலில் தொட்ட கால் மொத்த எடையையும் வாங்கும். பாதம் உள்பக்கமாகத் திரும்பிக் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் அறுந்துபோவது இப்படித்தான். முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் முன்புறத் தசைநார் கிழிவதற்கும் இது ஒரு வழி. அதனால் இரண்டு கணுக்கால்களும் இரண்டு முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். வீட்டில் பழகும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். உருண்டு முடித்த பிறகும் துண்டு அங்கேயே இருந்தால் நீங்கள் சரியாகப் பழகுகிறீர்கள்.

தரையைக் குனிந்து பார்ப்பது இன்னொன்று. கடைசிச் சில நொடிகளில் பூமி பாய்ந்து மேலே வருவதுபோலத் தெரியும். அதைப் பார்த்தவர் பயத்தில் காலை மேலே இழுத்துக்கொள்வார், இல்லையென்றால் தரையைத் தேடி ஒரு காலை நீட்டுவார். இரண்டும் ஆபத்துதான். கண் தூரத்து மரவரிசையில் இருக்கட்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். கால்களைச் சேர்த்து, சற்றே மடக்கி, தரை தானாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். இரவில் குதிப்பது கூடுதல் ஆபத்து என்பதற்கு ஒரு காரணம், தரை எப்போது வரும் என்று கண்ணால் கணிக்க முடியாததுதான். முன்கூட்டியே தயாராக இருப்பவருக்குக் கணிக்க வேண்டிய தேவையே குறைவு.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்குக் காற்று புதிதல்ல. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்றில்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடி மாதத்தில் அந்தக் காற்றில் எதிர்த்து சைக்கிள் மிதித்தவருக்கு அதன் பலம் தெரியும். இப்போது கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கும் ஒருவரை நொடிக்கு 5 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், பக்கவாட்டில் தள்ளினால் அவர் தரையில் மோதும் வேகம் கிட்டத்தட்ட 7.8 மீட்டர். வேகம் கூடியது கொஞ்சம்தான், ஆனால் மோதலின் ஆற்றல் 70 சதவீதம்வரை கூடிவிடுகிறது. அமெரிக்க ராணுவப் பயிற்சிக் குதிப்புகளில் தரைக் காற்று 13 நாட், அதாவது மணிக்கு சுமார் 24 கிலோமீட்டர், தாண்டினால் குதிக்க விடுவதில்லை. காற்று அதிகம் என்று அதிகாரி குதிப்பை நிறுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் முழங்காலுக்காகத்தான் நிறுத்துகிறார்.

காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து ரைசர் பட்டைகளை (குடையின் கயிறுகளை உடம்பிலுள்ள வாரோடு இணைக்கும் பட்டைகள்) இழுத்துப் பிடித்தால் தள்ளும் வேகம் குறையும். முழுக்க நிற்காது. மீதி வேகம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே விழ வேண்டும். எனக்கு வலப்பக்கம் விழுவதுதான் வசதி என்று எதிர்த் திசையில் விழப் பார்ப்பவருக்கு, பாதம் மண்ணில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திருகும். முழங்காலுக்கு இதைவிடக் கெட்டது இல்லை. ஆகவே இடம், வலம், முன், பின் என்று எல்லாப் பக்கமும் உருண்டு பழகியிருக்க வேண்டும். பின்பக்கமாக விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவதும் கூடாது. மணிக்கட்டு போகும்.

விழுந்ததும் துள்ளி எழுந்து நிற்பதும் வேண்டாம். குடைக்குள் காற்று நிரம்பியிருந்தால் எழுந்தவரை இழுத்து மறுபடி தள்ளிவிடும், இரண்டாவது விழுகையில் எந்த முறையும் இருக்காது. படுத்தபடியே குடையை அடக்கிவிட்டு எழுங்கள்.

ஆக்ராவுக்குப் போகும் முன் ஊரில் செய்கிற தவறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. கால் உறுதியாக வேண்டும் என்று தோட்டத்து மோட்டார் ரூம் மேலிருந்து கட்டாந்தரையில் குதித்துப் பழகும் பையன்கள் இருக்கிறார்கள். இதனால் மூட்டு உறுதியாவதில்லை, தேய்கிறது. இரண்டடி உயரத் திட்டு போதும். கீழே கல் பொறுக்கிச் சமப்படுத்திய மண்ணின் மேல் தென்னை நார்க்கழிவைப் பரப்பினால் நல்ல பயிற்சித் தரை கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? மிக ஆழமாகக் கொட்டாதீர்கள், பாதம் புதைந்து திருகும். உயரத்தைவிட விழும் முறைதான் பழக வேண்டியது. அதோடு ஒற்றைக் காலில் நின்று நிலை பிடிப்பது, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவேற்றும் பயிற்சிகள் எல்லாம் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

கபடி ஆடி ஒரு முறையாவது கணுக்கால் பிசகிய ஆள் நம் ஊரில் நிறைய. முன்பு பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். அதை மறைத்துவிட்டுக் குதிக்கப் போகாதீர்கள். கணுக்காலைத் தாங்கும் பிரேஸ் நிச்சயம் உதவும். அமெரிக்க ராணுவப் பாராசூட் பள்ளியில் 1990களில் 745 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், பூட்ஸுக்கு மேலே பிரேஸ் போட்டவர்களில் 0.3 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 1.9 சதவீதம் பேருக்கும் உள்பக்கமாகத் திரும்பும் கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டது. பயிற்றுநர் அனுமதித்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு கட்டி டேண்டமில், அதாவது பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஒரே குடையில், குதிக்கிறவர்களுக்கு விதி வேறு. தரை நெருங்கும்போது பயிற்றுநர் காலைத் தூக்கச் சொல்வார், நன்றாக முன்னால் தூக்கி நீட்டிவிட வேண்டும். தனியாகச் சதுரக் குடையில் இறங்குபவர்கள் தரைக்குப் பக்கத்தில் வந்து கூர்மையாகத் திரும்பவே கூடாது. திரும்பும்போது குடை வேகமாகக் கீழே பாயும், உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் கால் பிசகும். அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவி விடச் சொல்லி ஊருக்கு வந்துவிடாதீர்கள். புதுக் காயத்தை உருவினால் வீக்கம் கூடும், எலும்பில் விரிசல் விட்டிருந்தால் விலகியும் போகலாம். கணுக்காலின் இரு பக்க முண்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு சில மணி நேரத்துக்குள் வீங்கினால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், எம்ஆர்ஐ தேவைப்படலாம். வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காக அடுத்த குதிப்புக்குப் பெயர் கொடுக்காதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் நின்று, வலியில்லாமல், மற்ற கால் அளவுக்கே தாவ முடிகிற வரைக்கும் பொறுத்திருங்கள்.