வன்னியில் ஒரு செய்தியாளரையும் ஒரு விஞ்ஞானியையும் சந்திக்க வைப்பது எப்படி?

வன்னியில் அறிவியல் செய்திக்குப் பஞ்சமே இல்லை. கிணற்றுத் தண்ணீர், எலிக்காய்ச்சல், வயலில் நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி, இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம், சிறுநீரக நோய் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆய்வு செய்கிறவர்களும் தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இருந்தும், இரவு ஏழு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அழைத்துக் கேட்க, நம் பிரதேசச் செய்தியாளர்கள் பலரிடம் ஒரு விஞ்ஞானியின் தொலைபேசி இலக்கம்கூட இல்லை.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் ஆட்கள் இறந்தபோது, முதல் சில நாட்கள் எங்கும் 'மர்மக் காய்ச்சல்' என்ற பேச்சுத்தான். பரிசோதனை முடிவு வந்த பிறகே அது, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் சனம் எதை நம்புகிறது என்பது, செய்தி எழுதுகிறவருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது. ஆபத்து வந்த பிறகு ஆளைத் தேடினால் கிடைக்காது. பழக்கம் அதற்கு முன்பே இருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்க நீங்கள் விஞ்ஞானியாகவோ செய்தியாளராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர், நூலகர், பல்கலைக்கழக மாணவர், கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்று யாரும் தொடங்கலாம்.

படி 1: ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்

'அறிவியல் விழிப்புணர்வு' என்று தலைப்புப் போட்டுக் கூட்டம் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் பேச ஒன்றும் இருக்காது. உங்கள் ஊர்ச் சனம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை எடுங்கள். 'எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?' 'மருந்து அடித்தும் அறக்கொட்டி ஏன் போகவில்லை?' இப்படி ஒன்று போதும்.

காலத்தையும் பாருங்கள். எலிக்காய்ச்சல் பற்றி டிசம்பர் வெள்ளத்துக்குள் நின்று பேசுவதைவிட, மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் விதைப்புக்கு முன், செப்டெம்பரில் பேசுவது எவ்வளவோ மேல். வயலில் இறங்குகிறவர்களுக்கு முற்காப்பு மாத்திரை உண்டு, அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம் என்ற செய்தி அப்போது வந்தால்தான் பயன்.

படி 2: யாரை அழைப்பது?

ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். செய்தியாளர் பட்டியல் சுலபம், மாவட்டத்தில் எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். விஞ்ஞானிகள் பட்டியலுக்குப் பல்கலைக்கழக இணையத்தளங்களைப் பாருங்கள். விரிவுரையாளர் ஒவ்வொருவரும் எதில் ஆய்வு செய்கிறார் என்று அங்கே இருக்கும். பதவியைப் பார்த்துப் பேராசிரியரை மட்டும் தேடாதீர்கள். உங்கள் கேள்வியில் இப்போது கை வைத்து வேலை செய்கிறவர் ஒரு இளம் விரிவுரையாளராக இருக்கலாம். இறுதியாண்டு மாணவர்களையும் விடாதீர்கள். கிராமங்களுக்குப் போய் மாதிரி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ் பேசாத ஆய்வாளர் ஒருவரோடு கதைக்க வேண்டி வந்தால் மொழிபெயர்க்கவும் அவர்களே உதவுவார்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். விவசாயப் போதனாசிரியர், கால்நடை வைத்தியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்றோர் அரச உத்தியோகத்தர்கள். அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின்படி, மேலதிகாரியின் அனுமதியில்லாமல் அவர்கள் ஊடகத்துக்குத் தகவல் தர முடியாது. அவர் பேச மறுத்தால் எதையோ மறைக்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். திணைக்களத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, இந்த விடயத்தில் இந்த உத்தியோகத்தர் பேச அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்குத் தங்கள் துறை பற்றிப் பேச இதைவிடச் சுதந்திரம் உண்டு. கேட்கும் தகவல் ஆவணமாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நாளைய செய்திக்கு அது உதவாது, அடுத்த மாதக் கட்டுரைக்கு நிச்சயம் உதவும்.

படி 3: விஞ்ஞானிக்கு அனுப்பும் முதல் செய்தி

விஞ்ஞானியைத் திடீரென்று அழைத்து 'ஒரு கருத்துச் சொல்லுங்கள் சேர்' என்றால் அவர் பயப்படுவார். முதலில் எழுதி அனுப்புங்கள். மாதிரிக்கு ஒன்று:

'வணக்கம் சேர். நான் முல்லைத்தீவில் இருந்து எழுதும் செய்தியாளர். அறக்கொட்டித் தாக்கம் பற்றி அடுத்த மாதம் ஒரு கட்டுரை எழுத இருக்கிறேன். இப்போது பேட்டி கேட்கவில்லை. மருந்து அடித்த வயலில் பூச்சி ஏன் கூடுகிறது என்று விளங்கிக்கொள்ள இருபது நிமிடம் கதைக்க வேண்டும். உங்கள் பெயரைப் போடுவதானால் முன்பே கேட்பேன். புதன் அல்லது வியாழன் பின்னேரம் வசதிப்படுமா?'

ஏன் கேட்கிறேன், எவ்வளவு நேரம், பெயர் வருமா வராதா என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. 'இப்போது பேட்டி கேட்கவில்லை' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். கதவைத் திறப்பது அதுதான்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதிலும் உண்டு. பல பூச்சிகளை ஒன்றாகக் கொல்லும் மருந்தைத் தேவையில்லாமல் அடித்தால், அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளும் செத்துப்போகும். தின்ன ஆளில்லாமல் அறக்கொட்டி திரும்பப் பெருகும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டாலும், பயிர் நெருக்கமாக இருந்தாலும் அதற்கு வசதி. ஒரு கமக்காரருக்கு இந்த மூன்று வரியால் மருந்துச் செலவு மிச்சமாகலாம்.

படி 4: கமெரா இல்லாத முதல் சந்திப்பு

நான்கைந்து செய்தியாளர்கள், இரண்டு மூன்று ஆய்வாளர்கள் போதும். மண்டபம் வேண்டாம். வயல் வரம்போ, ஆய்வுகூடமோ, ஊர் நூலகமோ நல்லது. முதல் சந்திப்பில் ஒலிப்பதிவும் படமும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தேநீர் வந்ததும் இரு தரப்பும் தங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லட்டும்.

விஞ்ஞானிகளின் பெரிய மனக்குறை தலைப்புத்தான். 'நான் சொன்னது ஒன்று, போட்டது ஒன்று' என்பார்கள். அப்போது ஒரு செய்தியாளர் எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டும். தலைப்பு வைப்பவர் அவர் அல்ல, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் பத்திரிகை ஆசிரியர் பீடம். பிரதேசச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளமும் இல்லை, வெளிவந்த செய்திக்கு ஏற்பத்தான் கொடுப்பனவு. இது தெரிந்ததும் கோபம் பாதி குறைந்துவிடும். வழியும் இருக்கிறது: செய்தியோடு தலைப்பையும் எழுதி அனுப்புங்கள், 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்ற வரியை முதல் பந்தியிலேயே வையுங்கள். கடைசிப் பந்தியில் இருந்தால் இடம் போதாதபோது அதுதான் முதலில் வெட்டுப்படும்.

விஞ்ஞானிகளும் தங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவு ஒரே இரவில் வருவதில்லை, சக ஆய்வாளர்கள் சரிபார்த்த பிறகே அது இதழில் வெளியாகும், ஒரு ஊரில் கண்டதை மாகாணம் முழுவதற்கும் சொல்ல முடியாது. சிறுநீரக நோயை எடுங்கள். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது, அதற்கு அருகில் உள்ள வவுனியாவிலும் நோயாளர் உண்டு. கடினநீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் உடல் நீர் வற்றுவது என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. 'காரணம் கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட அவசரப்படும் செய்தியாளருக்கு, இதைப் பொறுமையாகச் சொல்ல ஒருவர் தேவை.

படி 5: ஒரு அறிக்கையைச் சேர்ந்து வாசியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. யாராவது ஒருவரின் கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையை, பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு, மேசையில் வையுங்கள். புளோரைட்டு லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நஞ்சா, நல்ல தண்ணீரா?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5. இலங்கையின் குடிநீர்த் தரம் 1.0. அப்படியானால் இந்தக் கிணறு ஒரு கணக்கில் தேறுகிறது, மற்றதில் தேறவில்லை. வெயில் கூடிய இடத்தில் ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால், உள்ளூர் அளவு இறுக்கமாக இருப்பதில் நியாயம் உண்டு. சரி, குடிப்பது யார்? பல் உருவாகும் வயதுப் பிள்ளைகள், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் குடித்தால் பல்லில் கறை விழலாம். வளர்ந்தவரின் பல்லில் அந்தக் கறை புதிதாக வராது. கொதிக்க வைத்தால் போகுமா? போகாது. நீர் ஆவியாகிவிடும், புளோரைட்டு மிஞ்சும். ஆர்ஓ (RO) என்ற நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடித்தால் குறையும். மாதிரி எடுத்தது மாரியிலா கோடையிலா என்றும் கேட்க வேண்டும், நிலத்தடி நீர் இறங்கும்போது அளவு மாறலாம்.

ஒற்றை எண்ணில் இத்தனை கதை. தனியே உட்கார்ந்து அறிக்கையைப் பார்க்கும் செய்தியாளர் 'கிணறுகளில் நஞ்சு' என்றோ 'ஆபத்தில்லை' என்றோ எழுதிவிடுவார், இரண்டுமே ஒரு தாயை ஏமாற்றும். 'இரு மடங்கு ஆபத்து' என்ற சொல்லையும் இதே மேசையில் உடைத்துப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வந்தாலும் இரு மடங்குதான், நூறில் இருபது நாற்பதானாலும் இரு மடங்குதான்.

படி 6: எதைத் திருப்பிக் காட்டலாம்?

வெளியிடும் முன் முழுச் செய்தியையும் விஞ்ஞானிக்கு அனுப்புவதா என்ற சண்டை எங்கும் வரும். என் கருத்து: முழுச் செய்தி வேண்டாம், அது செய்தியாளரின் சுதந்திரம். எண்கள், அளவுகள், அவர் சொன்னதாகப் போடும் வரிகள் ஆகியவற்றை மட்டும் வட்ஸ்அப்பில் குரல்பதிவாக வாசித்துக் காட்டுங்கள். அரை மணி நேரத்துக்குள் பதில் தருவதாக விஞ்ஞானியும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரது ஆய்வுக்குப் பணம் தந்தது யார் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஆய்வாளர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

படி 7: அவசர நேரத்துக்கு ஒரு ஏற்பாடு

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரத்துக் கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தொற்று நோயா, காற்றில் நஞ்சா, இறைச்சி சாப்பிடலாமா என்று ஊரே கலங்கியது. மழையில் நனைந்து ஒதுங்க இடமின்றி நின்ற கால்நடைகளைக் குளிர் அதிர்ச்சிதான் கொன்றது என்று கால்நடைத் துறையினர் பிறகு விளக்கினார்கள்.

இப்படியான நேரத்துக்கென்றே லண்டனில் 2002இல் அறிவியல் ஊடக மையம் ஒன்று தொடங்கினார்கள். செய்தி வெடித்த உடனேயே, பேசத் தயாரான விஞ்ஞானிகளை அது செய்தியாளரோடு இணைத்துவிடும். நமக்குக் கட்டடம் தேவையில்லை. சந்திப்புக்கு வந்தவர்களை வைத்து ஒரு வட்ஸ்அப் குழு, துறைக்கு ஒருவராக அழைக்கக்கூடிய பெயர்கள், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். 'இப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்தது இது, பரிசோதனை நடக்கிறது, அதுவரை இதைச் செய்யுங்கள்' என்ற மூன்று வரியை இரண்டு மணி நேரத்துக்குள் தர ஒருவர் முன்வந்தால் வதந்திக்கு இடம் குறைந்துவிடும். குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 8: பதிலை ஊருக்குக் கொண்டுபோங்கள்

போருக்குப் பிறகு வன்னிக்கு ஆய்வு செய்ய வந்தவர்கள் கொஞ்சமல்ல. இரத்தம் எடுத்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், படிவம் நிரப்பினார்கள். முடிவைக் கொண்டுவந்து காட்டியவர்கள் குறைவு. அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது, அது நியாயமானது. ஆகவே செய்தி வெளிவந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். செய்தியின் பிரதியையும், முடிந்தால் அந்த விரிவுரையாளரையும், கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நோயாளியின் படத்தையோ கிணற்றுக்காரரின் பெயரையோ அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள்.

கூட்டத்தின் முடிவில் பின்வரிசையில் இருக்கும் அம்மாமாரிடம் அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே கொப்பியில் எழுதி, அன்று பின்னேரமே விரிவுரையாளருக்கும் செய்தியாளருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த போகத்துக்கான படி 1 அதுதான்.