குளத்தை ஒட்டிக் கட்டுவதற்கு முன்: திருகோணமலைக்கான ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் குளத்தை அடுத்துள்ள காணி ஒன்றை ஆடி மாதத்தில் பார்க்கச் செல்பவருக்கு வெடித்த சேறும், மாடு மேய்ந்த கோரையும், ஒரு மூலையில் ஒதுங்கிய சிறிதளவு நீருமே தென்படும். அதே காணியில் மார்கழியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்து முடியும் இம்மாவட்டத்தில், குளம் ஆண்டுதோறும் விரிந்து சுருங்குவது இயல்பு. குளத்துக்கும் வணிகக் கட்டடத்துக்கும் இடையில் பின்னாளில் மூளும் பிணக்குகளுள் பெரும்பாலானவை, கச்சான் வீசும் கோடையில் நடப்பட்ட எல்லைக் கல்லிலிருந்தே தொடங்குகின்றன என்பது எனது உறுதியான கருத்து. ஆகவே கடைத்தொகுதியோ விருந்தினர் விடுதியோ கட்ட எண்ணுபவரும், அக்குளத்தையும் அதிலுள்ள உயிர்களையும் காக்க விரும்பும் அயலவரும், வரைபடத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, மாரியில் அக்குளத்தை அளப்பதாகும்.

எல்லையை மாரியில் குறித்தல்

குளத்தில் வான், அதாவது மிகை நீர் வழிந்தோடும் கட்டு, இருக்குமாயின் வேலை எளிது. வான் பாயத் தொடங்கும் மட்டமே குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம். மேசன்மார் சுவர் கட்டும்போது பயன்படுத்தும், நீர் நிரப்பிய நிறமற்ற குழாயின் ஒரு முனையை வானின் விளிம்போடு பொருத்தி வைத்து, மறுமுனையைக் கரை நெடுகக் கொண்டுசென்று, நீர் ஒத்து நிற்கும் இடங்களில் முளைக்கட்டை அடித்துக்கொண்டே போனால், இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதிலேயே சிறு குளமொன்றின் உண்மையான விளிம்பைக் கண்டுவிடலாம். வான் இல்லாத பள்ளக் குளமாயின், மழை ஓய்ந்த மறுநாளே சென்று நீர் நின்ற இடத்தை அடையாளமிட வேண்டும். அதையும் தவறவிட்டவர்கள் மருத மரத்தின் அடியில் படிந்த சேற்றுக் கோட்டையும், முட்கம்பி வேலியில் வைக்கோலும் சருகும் சிக்கி நிற்கும் உயரத்தையும், கோரையும் சம்பும் முளைத்து நிற்கும் கடைசி இடத்தையும் பார்க்கலாம். ஈரம் நிலைக்காத நிலத்தில் இவ்விரண்டும் செழிப்பதில்லை. கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பார்க்க முடியும். மார்கழி, தை, மாசி மாதங்களில் எடுக்கப்பட்டு முகில் மறைக்காதவற்றைத் தேர்ந்து ஒப்பிட்டால், எந்த ஆண்டில் எந்தப் பக்கம் நிரப்பப்பட்டது என்பதும் புலப்படும். இவற்றோடு நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களையும், அங்கேயே பிறந்து வளர்ந்த முதியோரின் நினைவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

விளிம்பைக் கண்ட பின்னர் அதிலிருந்து வெளிப்புறமாக ஆகக்குறைந்தது 30 மீற்றரைக் கட்டடமற்ற பட்டையாக விட வேண்டும் என்பது எனது பரிந்துரை. சிறிய காணிக்காரருக்கு இது கடினம் என்பதை அறிவேன். அவ்வாறானவர்கள் 10 மீற்றரையேனும் புல்லும் புதரும் மரமுமாக விடட்டும். நம் முன்னோர் வயற்குளங்களின் மேற்புறத்தில் மரச்செறிவையும், அதற்குக் கீழே அடர்ந்த புல்லையும் விட்டுவைத்தமைக்குக் காரணம், வரத்து நீரிலுள்ள மண் அங்கேயே தங்கிக் குளம் தூராமல் இருக்கும் என்பதே. தார் வீதியும் வாகனத் தரிப்பிடமும் உள்ள இன்றைய சூழலில் அப்புற்பட்டை எண்ணெய்க் கசிவையும் பொலித்தீனையும்கூடத் தடுக்கும் வேலையைச் செய்யும்.

பலரும் மறந்துவிடுவது வரத்து வாய்க்காலை. இரண்டடி அகலத்தில் புல் மூடிக் கிடக்கும் அவ்வாய்க்கால் கோடையில் ஒற்றையடிப் பாதை போலவே தோன்றும். மதிற்சுவர் எழுப்பி அதை மூடிவிட்டால், குளத்தில் ஒரு கூடை மண்கூடக் கொட்டாமலேயே இரண்டு மூன்று ஆண்டுகளில் குளத்தைக் கொன்றுவிடலாம். வரைபடத்தில் குளத்தைக் குறிக்கும் அதே நிறத்தாலேயே வாய்க்காலையும் குறியுங்கள்.

நிரப்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

20 பேர்ச், அதாவது ஏறத்தாழ 500 சதுர மீற்றர், தாழ்நிலத்தை ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிரவல் கொட்டி நிரப்பினால், ஏறத்தாழ 5 இலட்சம் லீற்றர் நீர் தங்கியிருந்த இடம் இல்லாமற் போகிறது. அது 10,000 லீற்றர் கொள்ளும் பவுசர்கள் 50 சுமக்கும் நீர். அந்நீர் அடுத்த மாரியில் அயற்காணிக்கோ, வீதிக்கோ, நிரப்பியவரது கடையின் பின்வாசலுக்கோ போய்ச் சேரும்.

உப்புவெளி தொடக்கம் நிலாவெளி வரையுள்ள மணற்பாங்கான கரையோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே நன்னீர், மண்ணுக்கடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாகவே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் நிற்கும் உயரத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு ஆழத்துக்கு அது உவர்நீரைக் கீழே அழுத்தி வைத்திருப்பதால், நன்னீர் மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உப்பு பன்மடங்கு மேலேறுகிறது. மாரி நீரைத் தேக்கி மெல்ல மெல்ல நிலத்துக்கு இறக்கும் குளம், கிணற்று நீரை நம்பியிருக்கும் விடுதி உரிமையாளருக்குச் செலவின்றிக் கிடைத்த காப்பாகும். குளத்தைப் பாதுகாப்பதை வணிகத்துக்கு எதிரான வேண்டுகோளாக எவரேனும் முன்வைத்தால், இந்தக் கிணற்றுக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள்.

அனுமதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்கு நீர் வழங்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயல் நிரப்புவதையும் தடுக்கிறது. அரச காணியா என்பதைப் ‘பட்டினமும் சூழலும்’ எனப் பெயர் கொண்ட பிரதேச செயலகத்தில் அறியலாம். கட்டட அனுமதி உள்ளூராட்சி மன்றத்தையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் சார்ந்தது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் அமைந்த காணிக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடலோடு தொடர்புள்ள களப்புக்கும் நீர்நிலைக்கும் இவ்வெல்லை 2 கிலோமீற்றர் வரை உள்நோக்கி நீளலாம். எந்த அலுவலகத்தில் எந்த அனுமதி வழங்கப்பட்டது என்பதைப் பொதுமகன் ஒருவர் அறிய விரும்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிப்பது அலுவலகத்தின் கடமை.

ஓர் இடைவெளியை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான பட்டியலின்படி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநில நிரப்பலும், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டலும் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டியவை. நகரத்துக் குளத்தை நிரப்புவோர் அந்த அளவை எட்டுவதில்லை. 4 ஹெக்டேயர் என்பது 20 பேர்ச் துண்டுகள் 79க்குச் சமம். ஒருவர் பின் ஒருவராக நிரப்பிக்கொண்டு போனால், மதிப்பீடு எதுவுமின்றியே குளம் முழுவதும் மறைந்துவிட முடியும். எனவே தனித்தனி விண்ணப்பங்களுக்கு ஆட்சேபம் எழுதிக்கொண்டிருப்பதை விட, குளத்தின் மாரி விளிம்பையும் வரத்து வாய்க்கால்களையும் காட்டும் ஒரே வரைபடத்தை உள்ளூராட்சி மன்றத்திடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திடமும் கையளித்து, அவ்விளிம்புக்குள் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அதோடு வைத்துப் பார்க்கப்பட வேண்டும் எனக் கேட்பதே பயன் தரும்.

கட்டடத்தில் செய்ய வேண்டியவை

500 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் சேரும். அதைக் குழாய் வழியே ஒரே பாய்ச்சலில் குளத்தில் விட்டால் கரை அரிக்கும். ஒரு பகுதியைத் தொட்டியில் சேமித்து, மீதியைக் கல் நிரப்பிய ஊறல் குழிக்கும் புற்பட்டைக்கும் திருப்ப வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்குக் கொங்கிறீற்றுத் தளத்துக்குப் பதிலாக இடைவெளி விட்ட கற்களைப் பதிக்கலாம். சமையலறைக் கழிவுநீர் கொழுப்பைத் தடுக்கும் தொட்டியைக் கடந்தே வெளியேற வேண்டும். மலக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி அமைக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். மணல் நிலத்தில் குளத்திலிருந்து அதைவிடவும் கூடிய தூரம் வேண்டும்.

குளத்தை நோக்கிய பெரிய கண்ணாடிச் சுவர் கண்ணுக்கு அழகாயினும், அதில் தெரியும் வானத்தையும் மரத்தையும் உண்மையென நம்பிப் பறவைகள் மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் இது பெருமளவு குறையும். வெளி விளக்குகள் மஞ்சள் நிறமாகவும், தலைக்கு மூடி போட்டு நிலத்தை மட்டும் பார்ப்பனவாகவும் இருக்கட்டும். நீர்ப்பரப்பின் மேல் ஒளி விழக் கூடாது. திருமண மண்டபம் கட்டுவோர் வெடி கொளுத்தும் இடத்தைக் குளத்துக்கு மறுபுறமாக வைக்க வேண்டும்.

கோட்டைப் பகுதியிலிருந்து நகரத்துக்குள் உலவும் புள்ளிமான்கள் குப்பையிலுள்ள பொலித்தீனைத் தின்று மடிவது இவ்வூரார் அறிந்த துயரம். மூடி உள்ள குப்பைத் தொட்டியை வைப்பதும், மான்கள் நீர் குடிக்க வரும் வழியை வேலியால் அடைக்காமல் விடுவதும் கடைக்காரருக்கு அதிகச் செலவு வைப்பனவல்ல. கோழிக் கழிவையும் மீன் கழிவையும் குளத்தில் கொட்டுவோர் தெருநாய்களையும் முதலையையும் தாமே அழைக்கின்றனர். பின்பு முதலையின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

குளத்தைத் துப்புரவாக்கும்போது

அழகுபடுத்தல் என்ற பெயரில் நடக்கும் அழிவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சுற்றிவர நேர்ச் சீமெந்துச் சுவர் எழுப்பி, அடியை ஒரே ஆழமாகத் தோண்டி, நடுவில் நீரூற்று வைத்தால் அது தொட்டியாகிவிடும். கொக்கும் நாரையும் தம் கால் மூழ்கும் ஆழத்தில் நின்றே இரை தேடும். இலைக்கோழிக்கு மிதக்கும் அல்லி, தாமரை இலைகள் வேண்டும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதற்குப் பட்டுப்போன மரம் வேண்டும். ஐந்தடி தூரத்துக்கு ஓரடி இறங்கும் சரிவாகவாவது கரையை விட்டால் இவையெல்லாம் ஒரே குளத்தில் இடம் பெறும்.

தூர் வாருவதற்குக் கோடையே வசதி. ஆனால் நீர் வற்றியதும் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை அசையாமற் கிடக்கும். மேலே பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. பெக்கோவின் வாளி ஒரு முறை இறங்கினால் ஓடு நொறுங்கிவிடும். ஆகையால் ஓர் ஆண்டில் குளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாராமல், வாரும் பகுதியை முதலில் மண்வெட்டியாலும் கையாலும் கிளறிப் பார்த்து, அகப்படும் ஆமைகளை வாராத பகுதியின் ஈரச் சேற்றில் விட்ட பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பிவிடும். ஆற்றுவாழையும் சல்வீனியாவும் படர்ந்தால் வேரோடு அகற்றித் தொலைவில் உலர்த்த வேண்டும்; ஆற்றுவாழையைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது என்பது, அதன் கேடு எவ்வளவு பழையது என்பதைக் காட்டும். அல்லியையும் தாமரையையும் அவற்றோடு சேர்த்து அள்ளிவிடாதீர்கள். மண் அணை கொண்ட குளத்தில், அணைக்கட்டைத் தோண்டுவதோ அதன் மேல் கடை போடுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததைக் கண்ட மாவட்டம் இது.

நடைபாதையைக் குளத்தின் ஒரு பாதியோடு நிறுத்துங்கள். மறு பாதியை ஆளரவமின்றி விட்டால்தான் பறவைகள் தங்கும். தங்கினால்தான் பார்ப்பதற்கு ஆட்கள் வருவர்.

வருமானமும் பராமரிப்பும்

கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை. வலசைப் பறவைகளோ ஒக்டோபரில் வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிச் செல்கின்றன. பெருமழை ஓய்ந்து, குளம் நிறைந்து, தாராக்களும் உள்ளான்களும் இன்னும் இங்கேயே இருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் கடற்கரை விடுதிகளுக்கு வருவாய் குறைந்த மாதங்கள். அந்த இரு மாதங்களுக்குப் பறவை பார்க்க வருவோரை இலக்காக வைத்து அறைகளை விற்கலாம். உரத்த ஓசை எழும் கட்டுமான வேலைகளை மே மாதத்துக்குப் பின் வைத்துக்கொண்டால் வலசைப் பறவைகளுக்கும் இடையூறு குறையும்.

பராமரிப்புச் செலவை முன்கூட்டியே எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். குளத்தைப் பார்த்திருக்கும் ஒவ்வொரு வணிக நிலையமும் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க, ஒரு பராமரிப்பாளரை அமர்த்தி, வாய்க்கால் அடைப்பையும் குப்பையையும் கிழமைக்கொரு முறை அகற்றச் செய்வது நடைமுறைக்கு ஏற்றது. கமக்கார அமைப்பு இயங்கும் இடத்தில் அதையும் சேர்த்துக்கொண்டால், வயலுக்கு நீர் விடும் மதகான துருசைத் திறப்பதில் பிணக்கு வராது. உரிமையாளர் மாறும்போது வாய்மொழி உடன்பாடுகள் காற்றோடு போய்விடுகின்றன. ஆகவே மாரி விளிம்பு, கட்டடமற்ற பட்டை, வாய்க்கால் ஆகிய மூன்றையும் நில அளவையாளர் வரைந்த படத்தோடு காணி உறுதியில் நிபந்தனையாக எழுதி, அது அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் வகையில் அமைந்துள்ளதா என்பதை நொத்தாரிசிடம் உறுதிப்படுத்திய பின்னரே காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.