போதை சிகிச்சை ஆய்வு: உங்கள் தரவில் ஒரு வரிசை என்றால் யார்?

போதை சிகிச்சை பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் கோப்பில் ஒரு வரிசை என்றால் அது யார்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு கணக்குப் போடத் தொடங்குங்கள்.

அமெரிக்காவின் ‘டெட்ஸ்’ கோப்பையே எடுத்துக்கொள்வோம். 1992 முதலான சிகிச்சைச் சேர்க்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒரு வரிசை ஓர் ஆள் இல்லை, ஒரு சேர்க்கை. ஒருவரே வருடத்தில் மூன்று தடவை சேர்ந்திருந்தால் மூன்று வரிசை. மூன்றும் ஒருவருடையவை என்று பொதுக் கோப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ‘இத்தனை பேர்’ என்று எழுதாதீர்கள், ‘இத்தனை சேர்க்கைகள்’ என்று எழுதுங்கள்.

அப்புறம், குறியீட்டு விளக்கத்தைப் படிக்காமல் கோப்பைத் திறக்காதீர்கள். சிகிச்சைக்காகக் காத்திருந்த நாட்களுக்கு ஒருமுறை சராசரி எடுத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. விவரம் இல்லாத இடத்தில் -9 என்று போட்டிருந்தார்கள். மற்ற எண்களும் நாட்கள் இல்லை, நாட்களின் தொகுப்புக்கான குறியீடுகள். அன்றிலிருந்து எந்தக் கோப்பிலும் முதல் வேலையாக ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை -9 என்று எண்ணிவிடுகிறேன். பாதிக்கு மேல் இருந்தால் அந்த நெடுவரிசையைத் தொடுவதில்லை.

சிகிச்சைக்கு வராதவர்களைப் பற்றி அறிய, போதைப்பொருள் பயன்பாடு பற்றி அமெரிக்க அரசு எடுக்கும் ‘என்எஸ்டியுஎச்’ கணக்கெடுப்பு இருக்கிறது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கேட்கிறார்கள். தெருவில் படுப்பவர்களும் சிறையில் இருப்பவர்களும் அதில் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களே விடுபடுகிறார்கள். இதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்கும் முறை மாறியதால் 2021 முதலான எண்களை முந்தைய வருடங்களோடு ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது.

மரணங்களுக்கு ‘சிடிசி வொண்டர்’, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையத் தரவுத்தளம். ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு மருந்தால் நேரும் மரணங்கள் டி40.4 என்ற குறியீட்டில் வரும். 10-க்குக் குறைவான எண்ணிக்கையை மறைத்துவிடுவார்கள், அதைப் பூஜ்யம் என்று நிரப்பாதீர்கள்.

கொள்கை ஆய்வு என்றால் அமெரிக்க அரசின் மெடிகேர் (முதியோருக்கானது), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கானது) காப்பீட்டுக் கோப்புகளுக்குப் போவீர்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2013-இல் தொடங்கி 2017-இல் விதி மாறும் வரை, நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டத்தைக் காட்டி, ஆய்வாளர்களுக்குத் தரும் கோப்புகளிலிருந்து போதை சிகிச்சைப் பதிவுகளை நீக்கியிருந்தார்கள். அந்த வருடங்களில் தரப்பட்ட கோப்புகளில் தெரியும் சரிவைச் சிகிச்சை குறைந்ததாகப் படித்துவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது நீக்கிய பிரதியா, முழுப் பிரதியா என்று கோப்பு தருகிறவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.