பிஎச் 7 காட்டினால் போதுமா? காற்றில்லாத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, பிஎச் ஏழுதான் காட்டுது. காஸும் நேத்தைவிட ஜாஸ்தி. லோடை ஏத்திரலாமுங்களா?" சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறான். காற்றுப் புகாத அந்தத் தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எரிகிற காஸ் தரும். லோடு என்பது தினமும் அதற்குக் கொடுக்கும் கழிவின் அளவு. 15 வருடத்துக்கு முன்னால் நான் லோடை யாரிடமும் கேட்காமலே ஏற்றியவன். மீட்டரைக் கழுவுங்கள், பம்ப் வடிகட்டியைப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிஎச்சை மட்டும் பார்த்து லோடு ஏற்றுவது

சுருக்கமாகச் சொன்னால் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் இரண்டு கூட்டம். ஒன்று மாவுச்சத்தை உடைத்து அசிட்டிக், புரோப்பியோனிக் மாதிரியான அமிலங்களாக்கும். இன்னொன்று அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அமிலக்காரர்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாவார்கள். மீத்தேன் பக்கம் முக்கிய ஆளான மெத்தனோத்ரிக்ஸுக்குப் பல நாள் ஆகும். சமையற்கட்டில் பத்துப் பேர் தோசை சுட, பந்தியில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்த கதைதான்.

மிஞ்சுகிற அமிலத்தைத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் வாங்கிக்கொள்ளும். அது தீரும்வரை பிஎச் பெரிதாக அசையாது. கொடுமை என்னவென்றால், அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காஸ் கூடியிருப்பதாக நாம் சந்தோஷப்படுவோம்.

எனக்கு நடந்ததும் அதுதான். சீசன் தொடக்கம், நாலு மாதம் பட்டினி கிடந்த தொட்டி. முதல் வாரமே முக்கால் லோடு கொடுத்தேன். பிஎச் 7.0. காஸ் சேரும் பலூன் விம்மி நின்றது. கிழங்கு வண்டிக் கணக்கிலிருந்து தலையைத் தூக்கிய முதலாளி, "பரவாயில்லையே!" என்றார். நான்காம் நாள் பர்னரைப் பற்றவைத்தால் சுடர் வாயை விட்டு எழும்பித் துள்ளி, பொக்கென்று அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. காஸில் எரியாத கார்பன் டை ஆக்சைடுதான் ஜாஸ்தி என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பர்னரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்! மறுநாள் காலை பிஎச் 5.6. தொட்டியோரம் புளித்த வாடை. மீண்டு வரப் பத்து வாரம் ஆயிற்று, அதுவரை ஜவ்வரிசி வறுக்க விறகு வாங்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கால் மணி நேர வேலையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வடிகட்டிய தொட்டித் தண்ணீர் 20 மில்லி எடுத்து, 0.1 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலத்தைச் சொட்டுங்கள். பிஎச் 5.0 வரை எத்தனை மில்லி, அங்கிருந்து 4.4 வரை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் அளவை 250-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. இரண்டாவதை 1.66-ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500-ஆல் பெருக்கினால் அமிலம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்து 0.3-க்குக் கீழே வந்தால் லோடு ஏற்றலாம். 0.4-ஐத் தாண்டினால் கொடுப்பதையும் குறைக்க வேண்டும். தம்பியைச் செய்யச் சொன்னேன். 0.6 வந்தது.

காஸ்டிக் சோடாவைக் கவிழ்ப்பது

விழுந்த பிஎச்சைத் தூக்க, பதற்றத்தில் அதையும் செய்தேன். காஸ்டிக் உள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, பலூன் கண்ணெதிரே சுருங்கியது. இறுகிய மூடியுள்ள தொட்டியாக இருந்தால் கூரையே உள்வாங்கலாம். முதலில் தீனியை நிறுத்துங்கள். அப்புறம் தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் கொஞ்சமாக.

பாக்கெட் கல்ச்சர்

மீத்தேன் தருபவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா. 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றைத் தனிக் குலம் என்று பிரித்துக் காட்டினார்கள். காற்றுப் பட்டால் படுத்துவிடும் இவற்றைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் தருகிறேன் என்பவரிடம், உள்ளே எது உயிரோடு இருக்கிறது என்று கேளுங்கள். பொடியில் அமிலக்காரர்கள் இருக்கலாம், சரி. அவர்களுக்குத் தொட்டியில் பஞ்சமா என்ன? அந்தக் காசுக்கு, நன்றாக ஓடும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் ஸ்லட்ஜ், அதாவது நுண்ணுயிர் நிறைந்த அடிச்சேறு, வாங்கிவிடலாம்.

யூரியா

நுண்ணுயிர் வளர நைட்ரஜன் வேண்டும், கிழங்கு மாவில் அது குறைவுதான். அதற்காக யூரியாவை மூட்டைக் கணக்கில் கொட்டாமல், அளந்து போடுங்கள்.

சீசன் முடிந்ததும் கறுப்புக் குருணையை அள்ளிக் கொட்டுவது

கொட்டாதீர்கள். அந்தக் குருணை நுண்ணுயிர்கள் திரண்ட உருண்டை, பட்டினியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.