டிஸ்க்வேர்ல்ட் படிக்கத் தொடங்குகிறீர்களா?

டிஸ்க்வேர்ல்ட் என்பது டெரி பிராட்செட் எழுதிய நகைச்சுவை மாயாஜால நாவல் வரிசை. அதன் முதல் நாவலான ‘த கலர் ஆஃப் மேஜிக்’ (1983) வாங்கினால் கையோடு ‘த லைட் ஃபென்டாஸ்டிக்’கையும் (1986) வாங்கிவிடுங்கள். முதல் புத்தகம் கதையை அந்தரத்தில் விட்டுவிடும். நிஜமாகவே அந்தரத்தில்தான், படித்தால் தெரியும். மந்திரம் வராத மந்திரவாதி ரின்ஸ்விண்ட், எதைக் கண்டாலும் படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணி டூஃப்ளவர், நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு பின்னாலேயே ஓடிவரும் மரப்பெட்டி: இவர்களின் கூத்து இரண்டாவதிலும் தொடர்கிறது.

விடுதிக்காரருக்கு டூஃப்ளவர் தீ விபத்துக் காப்பீட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க, ஊரே பற்றி எரிகிறது. அந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அப்புறம், அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். நல்ல கிண்டல்கள் சில அங்கேதான் ஒளிந்திருக்கும். மின்னூல் என்றால் அந்தக் குறியைத் தொட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.